நீ சாப்பிடாத பர்கர்

மாலு, உன் வருங்காலக் கணவனின் கடையில் நான் ஒரே ஒரு முறைதான் பர்கர் சாப்பிட்டேன் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நீயே என் கையைப் பிடித்து ஜனக்புரி மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனாய். ரோஹித் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தட்டை ஏந்தி வந்து என் முன்னால் வைத்தான். நான் ஒரு கடி கடித்து, "அச்சா ஹை பேட்டா" என்று பாராட்டினேன். உன் முகம் மலர்ந்துவிட்டது. உண்மையில் அது எனக்கு நன்றாகப் பழகிய பர்கர். அதற்கு முன்பே உனக்குத் தெரியாமல் அந்தக் கடையில் பலமுறை உட்கார்ந்து, மேல் பன்னைத் தூக்கி உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து தின்றிருக்கிறேன். ஏன் போனேன், அதன் பிறகு என்ன நடந்தது என்பதை உன்னிடம் சொல்லாமல் உன்னைக் கல்யாணம் பண்ணிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நேரில் பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பேச்சு சூடானால் நீ ஹிந்திக்கு மாறிவிடுவாய், ஹிந்தியில் உன்னிடம் நான் இதுவரை ஜெயித்ததில்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன். மெல்லப் படி. திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் உன் சித்திகள் உன் அறையில் புடவைகளைப் பரப்பி வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் பால்கனியில் துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ரோஹித்தைப் பற்றி முதன்முதலாகச் சொன்ன மத்தியானம் நினைவிருக்கிறதா? சாப்பாட்டு மேசையில், அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாய். பஞ்சாபிப் பையன் என்றாய். அதை நான் எப்படியோ விழுங்கிவிட்டேன். ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு பர்கர் கடை வைத்திருக்கிறான் என்றாய். அதையும் விழுங்கினேன். கல்யாணம் ஆனதும் நீயும் பேங்க் வேலையை விட்டுவிட்டு அவனோடு சேர்ந்து இரண்டாவது கடை திறக்கப் போவதாகச் சொன்னபோதுதான் எனக்குப் புரையேறியது. "அப்பா, சும்மா இல்ல. டெல்லியோட பெஸ்ட் பர்கர்ல இதுவும் ஒண்ணு. தேக்கோ!" என்று போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாய். நட்சத்திரம் நட்சத்திரமாக இருந்தது. கீழே ஊரே திரண்டு வந்து புகழ்ந்திருந்தது. ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். அமைச்சகத்தில் என் பணிக்காலம் முழுவதும் விஜிலென்ஸ் பிரிவில்தான் கழிந்தது. மற்ற அப்பாக்கள் ஆபீஸிலிருந்து களைப்போடு வந்தார்கள், நான் சந்தேகத்தோடு வந்தேன். ஓர் அதிகாரியைப் பற்றிப் பத்துப் பேரைக் கேட்டால் ஏழு பேர் நல்லவர் என்பார்கள், மூன்று பேர் முணுமுணுப்பார்கள். மனிதர் என்றால் அப்படித்தான். பத்துப் பேரும் தங்கமான மனிதர் என்றால், அந்தக் கோப்பைத்தான் நாங்கள் முதலில் கையில் எடுப்போம். உன் ரோஹித்தின் கடையை எல்லோரும் தங்கம் என்றே சொல்லியிருந்தார்கள். அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டேன், இதை விசாரிக்காமல் விடக்கூடாது என்று.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு பர்கர் நல்லதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் தோசை தெரிந்தவன். அதனால் டெல்லியின் சிறந்த பர்கர் எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அதன் பக்கத்தில் ரோஹித்தின் பர்கரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தேன். இணையத்தில் தேடினால் பட்டியல் பட்டியலாகக் கொட்டுகிறது. ஒன்றில் முதலிடத்தில் இருக்கும் கடை இன்னொன்றில் பேருக்குக்கூட இல்லை. ஒரு பட்டியலில் கனாட் பிளேஸ் கடை என்று போட்டிருந்த படத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கிடந்தது. கனாட் பிளேஸில் எந்தக் காலத்தில் பனி கொட்டியது? பட்டியல் போடுகிறவர்கள் யாரும் எதையும் தின்று பார்ப்பதில்லை என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. நானே இறங்கினேன். உன் அம்மாவிடம் லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, குல்லாயும் மஃப்ளரும் மாட்டிக்கொண்டு, மயூர் விஹாரில் மெட்ரோ ஏறிவிடுவேன். குளிர்காலத்தில் குல்லாய் போட்ட டெல்லி அங்கிள்களில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த வேலைக்கு அதைவிட நல்ல வேஷம் கிடையாது.

சாணக்யபுரியில் ஒரு கடைக்குப் போனேன். பர்கரைக் கத்தி, முள்கரண்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். பன் கன்னங்கரேலென்று இருந்தது. தீய்ந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை சார், மாவில் கரி சேர்த்திருக்கிறோம், வயிற்றுக்கு நல்லது என்றார் பரிமாறியவர். வயிற்றுக்கு நல்லதென்றால் டாக்டர் எழுதிக்கொடுக்கட்டும், நீங்கள் ஏன் கொடுக்கிறீர்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். பன்னின் நிறத்தை மாற்றுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. கடித்துப் பார்த்தேன், மறைத்தது ருசியில்லாத பன்னைத்தான். கமலா நகரில் கல்லூரிப் பிள்ளைகள் மொய்க்கும் ஒரு கடையில், நான் பன்னைத் தூக்கி முகர்ந்ததைப் பார்த்து முதலாளி அரண்டுவிட்டார். "அங்கிள்ஜி, லைசென்ஸ் அந்தச் சுவர்ல மாட்டியிருக்கு. நீங்க ஃபுட் டிபார்ட்மென்ட்டா?" என்று ஹிந்தியில் கேட்டு, நான் கேட்காத கோல்டு காபியைக் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. தொடாததைப் பார்த்து அவருக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது. ராஜௌரி கார்டனில் ஒரு பர்கர், பார்க்க மாடிவீடு மாதிரி இருந்தது. பனீர், காளான், சீஸ் என்று அடுக்கியிருந்தார்கள். அதை எந்த மனித வாயால் கடிப்பது? போட்டோ எடுப்பதற்கென்றே கட்டிய பர்கர் அது. சாஸை அள்ளிக் கொட்டியிருந்தால் பன்னுக்கு நடுவே வடை மாதிரி வைக்கிற டிக்கி பழசு என்பதையும், நல்ல பர்கரின் அடிப் பன் கடைசி வாய் வரை நனைந்து பிய்யாது என்பதையும் இப்படி ஊர் சுற்றித்தான் கற்றுக்கொண்டேன்.

இதற்கிடையில் உன் அம்மா என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அது உனக்குத் தெரியாது. ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்கிறேன், லைப்ரரி என்று போய்விட்டுப் புத்தகம் இல்லாமல் வருகிறேன், வயிற்றெரிச்சல் மாத்திரை வேகமாகத் தீர்கிறது. ஒருநாள் வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "டாக்டரு என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லுங்க" என்றாள். எந்த டாக்டர் என்றேன். "எனக்கு எல்லாம் தெரியும். சாப்பாடு இறங்கல. தனியா எங்கயோ போறீக, வாரீக. பிள்ளைக்குக் கல்யாணம் முடியட்டும்னு வாய மூடிட்டு இருக்கீக. எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. எனக்கு வேறு வழி தெரியவில்லை. "பர்கர்" என்றேன். "என்னது?" என்றாள். "பர்கர் திங்கப் போறேன்." அவள் பட்டாணித் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், கடைசியில் கோபம் வந்துவிட்டது. "நான் இங்க தெய்வத்துக்கெல்லாம் நேந்துக்கிட்டு இருக்கேன், நீங்க அங்க தனியா தின்னுட்டா திரியுதீக? நாளைக்கு நானும் வாரேன்" என்றாள்.

மறுநாள் முதல் இரண்டு பேராகப் போனோம். ரோஹித்தின் கடைக்கும் பலமுறை போனோம். நாங்கள் யார் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. நாங்கள் மூலை மேசையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுத்தமாக இருந்தான். யாரிடமும் கத்தவில்லை. கையை அடிக்கடி கழுவினான். பர்கரும் நன்றாகத்தான் இருந்தது. உருளைக்கிழங்கு டிக்கி ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று. ஆனால் பன் இனித்தது. "நல்லாத்தான் இருக்கு. பன்னுதான் பால்பன்னு மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. நல்ல கடை, ஆனால் ஊரே கொண்டாடும் கடை இல்லை. அப்படியானால் அந்தப் புகழ்ச்சியெல்லாம் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கடையைப் பற்றி வந்த கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன். பெரும்பாலானவை சாதாரண மனிதர்கள் எழுதியவை, இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. நடுநடுவே சில நீளமாக, உருகி உருகி எழுதப்பட்டிருந்தன. ஒன்று பூஜா என்ற பெயரில், ஒன்று விக்ராந்த் என்ற பெயரில், இன்னொன்று யாரோ மிஸஸ் கன்னா. மூன்றிலும் "சொல்லத் தேவையில்லை" என்ற பொருளில் ஓர் ஆங்கிலத் தொடர் வந்தது. மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை. "நீட்லெஸ்" என்று எழுத வேண்டிய இடத்தில் "நீடில்ஸ்" என்று, ஊசிகள் என்று அர்த்தம் வரும்படி எழுதியிருந்தது. மாலு, அந்தப் பிழையை உன் ஸ்கூல் கட்டுரைகளில் எத்தனை முறை திருத்தியிருப்பேன்! பூஜாவும் விக்ராந்தும் மிஸஸ் கன்னாவும் நீதான்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஆசைப்பட்ட பையனுக்காகக் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறாய், போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் பழைய வழக்கம் விடவில்லை. ஓரிடத்தில் ஒரு கையெழுத்து அகப்பட்டால் பக்கத்து அறையிலும் தேட வேண்டும். அதே மார்க்கெட்டில் இருக்கும் மற்ற கடைகளின் பக்கங்களைப் பார்த்தேன். ரோஹித்தின் கடைக்கு நேர் எதிரே, பச்சைக் கதவு வைத்த ஒரு சின்னக் கடை. அதன் இணையப் பக்கத்தில் மேலாகவே இருந்தது: இங்கே பர்கர் சாப்பிட்டு இரண்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தேன், எண்ணெய் நாற்றம், சமையலறையைப் பார்த்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள், "நீடில்ஸ் டு ஸே" இனி வரமாட்டேன். அதன் கீழே அதைப் படித்துவிட்டுப் பயந்தவர்கள் எழுதியது. அதற்கும் கீழே அதைப் படித்தவர்கள் எழுதியது. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீ இரண்டு நாள் வயிற்று வலியோடு படுத்திருந்தால் அது எனக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? ஒரே வீட்டில் இருக்கிறோம், மாலு.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல், அடுத்த முறை பச்சைக் கதவுக் கடைக்கு அழைத்துப் போனேன். அதை நடத்துகிற பிரமிளா என்ற அம்மாளை உனக்கு இப்போது தெரியும். எனக்கு அன்றுதான் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர், நரைத்த முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சிரிக்காத முகம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். எதிரே ரோஹித்தின் கடையில் நிற்க இடமில்லை, இங்கே நாங்கள் இரண்டு பேர்தான். ராஜ்மா பயறை மசித்து டிக்கி, தவாவில் கருக வாட்டிய வெங்காயம், புதினா, அவரே சுட்ட பன். ஒரு வாய் கடித்தேன். எதிரில் பார்த்தால் உன் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேசாமல் சாப்பிட்டு நீ பார்த்திருக்கிறாயா? முடித்ததும், கேட்காமலே இன்னொன்று சொன்னாள். ஊரெல்லாம் தேடியலைந்த பர்கர் அது. கடைசி வாய் வரை அடிப் பன் நனையவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் காலி மேசைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் பன்னைத் தூக்கிப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். மேசைக்கு வந்து நின்றார். "போன மாசமும் உங்க ஆளுங்க வந்தாங்க. எண்ணெய் எடுத்துட்டுப் போனாங்க, ஒண்ணும் கிடைக்கல. இன்னிக்கு ஃப்ரிட்ஜ் பார்க்கணுமா? தேக் லோ, போய்ப் பாருங்க" என்றார் ஹிந்தியில். நான் இன்ஸ்பெக்டர் இல்லை என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். யாராவது புகார் கொடுத்தார்களா என்று கேட்டேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஒரு பொண்ணு எழுதினா, என் சாப்பாட்டுல சீக்கு வந்துச்சுன்னு. அந்த வாரம் இந்தக் கடைக்குள்ள வந்த ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கு. அப்படி ஒரு பொண்ணு வரவே இல்ல. என் நாத்தனார்தான் கூட வேலை செஞ்சா, இப்ப அவளும் வேற வேலைக்குப் போயிட்டா. எனக்கு அந்தப் பொண்ணு மேல கோபம்கூட இல்ல பாயிசாப். அவள இந்த நாற்காலில எதிர உக்கார வச்சு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பேட்டி, மகளே, நீ என்னத்தச் சாப்பிட்ட?"

அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டு வியர்க்க வைத்தவன், தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் மகள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பர்கர் ரொம்ப நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

மெட்ரோவில் அம்மாவிடம் சொன்னேன். யமுனைப் பாலம் தாண்டும்போது, "நம்ம பிள்ள அப்படிச் செய்ய மாட்டா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பயதான் சொல்லிக்கொடுத்திருப்பான்" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. தோன்றியது என்பதைவிட, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எதிர்க்கடையை ஒழிக்க உன் கையைப் பயன்படுத்தியிருக்கிறான், நாளைக்கு உன் வேலையையும் விட வைத்து வேறு எதற்குப் பயன்படுத்துவானோ என்று நினைத்தேன். கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்றுகூட யோசித்தேன். பத்திரிகை அச்சுக்குப் போகாத நேரம் அது.

நீ கையைப் பிடித்து அழைத்துப்போன ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பிறகுதான் வந்தது. நான் ஏன் அவனையே முறைத்துப் பார்த்தேன் என்று அன்று வழியெல்லாம் கேட்டாயே, இதுதான் காரணம். அந்த வாரமே அவனைத் தனியாக ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னேன். வந்தான். காலைத் தொட்டான். நான் எதுவும் பேசாமல் பச்சைக் கதவுக் கடையின் பக்கத்தைத் திறந்து போனை அவன் கையில் கொடுத்தேன். படித்தான். மறுபடியும் மேலே போய்ப் படித்தான். காது சிவந்தது. மாலுவின் எழுத்து இது என்று எனக்குத் தெரியும் என்றேன். உடனே சொன்னான்: "அங்கிள், நான்தான் எழுதச் சொன்னேன். கடை ஓடல, பயந்துட்டேன். அவ மேல தப்பில்ல." நான் எதிர்பார்த்த பதில்தான். ஆனால் அது கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது. குற்றம் செய்தவன் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டான். உன் கடைப் பக்கத்திலும் அவளை எழுத வைத்தாயே, என்னென்ன பெயரில் என்று கேட்டேன். விழித்தான். "அங்கயுமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான். அவ்வளவுதான். அவனுக்கு எதுவுமே தெரியாது. உன்னைக் காப்பாற்ற, நின்ற இடத்தில் ஒரு பொய்யைத் தயார் பண்ணியிருக்கிறான்.

இதைப் படிக்கும்போது உனக்குக் கண்ணீர் வரும் என்று தெரியும். எனக்கு வரவில்லை. உனக்காக இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறவன், ஒருநாள் உன்னிடமும் இவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டான் என்று என்ன நிச்சயம்? இதை அவனிடமே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நான் இப்பவே எதிர்க்கடை ஆன்ட்டிகிட்டப் போறேன் அங்கிள். நான்தான் எழுதினேன்னு சொல்லிடறேன்" என்றான். போகக் கூடாது என்றேன். எழுதியவள் போகட்டும், நீ அவளிடம் எதுவும் சொல்லாதே, நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சரி என்றான். அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

நான் எப்படிச் சொல்வது என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அதற்குள், போன வாரம் ஒருநாள் காலையில், டெய்லரிடம் போகிறேன் என்று கிளம்பினாய். பிளவுஸ் துணிப் பை சோபாவிலேயே கிடந்தது. குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டு உன் பின்னாலேயே வந்தேன். ஆம், மாலு, பெற்ற மகளைப் பின்தொடர்ந்தேன். அடுத்த பெட்டியில் நின்று, கூட்டத்துக்கு நடுவே உன் சிவப்பு துப்பட்டாவையே பார்த்துக்கொண்டு ஜனக்புரி வரை வந்தேன். நீ ரோஹித்தின் கடைக்குள் போகவில்லை. பச்சைக் கதவைத் தாண்டி நடந்தாய். திரும்பி வந்தாய். மறுபடி தாண்டிப் போய், பழக்கடை முன்னால் நின்று, எதையும் வாங்காமல் நின்றுகொண்டே இருந்தாய். அப்புறம் வேகமாக உள்ளே போனாய். அவன் உன்னிடம் சொல்லிவிட்டானா, அல்லது உனக்கே மனம் கேட்காமல் போனாயா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை சந்தேகம்தான். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது என்பதால் அதை நம்பவும் பயமாக இருக்கிறது.

கண்ணாடி வழியாக எனக்குப் பேச்சு கேட்கவில்லை, முகங்கள் தெரிந்தன. நீ நின்றுகொண்டே சொன்னாய். அவர் மாவு பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டினார். நீ உட்கார்ந்தாய். அவர் உள்ளே போய்விட்டார், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய். பிறகு அவர் வந்து ஒரு தட்டை உன் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீ முதல் வாய் கடிப்பதைப் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க முடியாமல் பழக்கடைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

நீ போன பிறகு நான் உள்ளே போனேன். "ஆயியே, வாங்க இன்ஸ்பெக்டர் சாப்" என்றார் பிரமிளா. "இன்னிக்கு அந்தப் பொண்ணு வந்தா." நான் குல்லாயைக் கழற்றினேன். "வோ மேரி பேட்டி ஹை" என்றேன். அவள் என் மகள் என்று சொல்ல இத்தனை நாளாகியிருந்தது. அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அன்னிக்கு என் முன்னால உக்காந்து, என் கைச் சாப்பாட்டத் தின்னுட்டு, நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, வாயத் திறக்காமப் போனீங்க. உங்க பொண்ணு பொய் எழுதினா. நீங்க ஒண்ணுமே சொல்லல. ரெண்டு பேருமே ஜூட்டே" என்றார். பொய்யர்களாம். என்னைப் பொய்யன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, மாலு. பையில் எப்போதும் வைத்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் ஒன்றை எடுத்து, அவர் பெயரை எழுதி நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை. தவாவைத் துடைத்துக்கொண்டே, "வைங்க அங்க" என்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானமே நீ உன் சொந்தப் பெயரில், உன் படத்தோடு எழுதியதைப் படித்தேன். முன்பு எழுதியது பொய், நான் இந்தக் கடையில் சாப்பிட்டதே இல்லை, இன்றுதான் சாப்பிட்டேன், எதிர்க்கடையைவிட நன்றாக இருக்கிறது என்று. எதிர்க்கடைக்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் அப்படி எழுதியதைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள். கீழே ரோஹித் லைக் போட்டிருந்தான். மனதாரப் போட்டானா, நீ பக்கத்தில் இருந்ததால் போட்டானா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதை நீ பார்த்துக்கொள். ஆனால் பூஜாவும் விக்ராந்தும் மிஸஸ் கன்னாவும் இன்னும் அவன் கடைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று காலைகூடப் பார்த்தேன். அவர்களைத் தாலி ஏறுவதற்கு முன் அனுப்பிவிடு. பேங்க் வேலையை இப்போது விடாதே. பூஜா இல்லாமல் அந்தக் கடை எப்படி ஓடுகிறது என்று முதலில் தெரியட்டும். பன்னில் சர்க்கரையைக் குறைக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, நீ சொன்னால்தான் கேட்பான்.

பிரமிளாவின் கடையில் கூட்டம் திரும்பவில்லை. நேற்றும் போய்ப் பார்த்தேன், இரண்டு மேசையில் ஆள் இருந்தது. ஒரு நாளில் எழுதியது ஒரு நாளில் அழியாது போலிருக்கிறது. அவர் ரிசப்ஷனுக்கு வருவாரா என்று எனக்குத் தெரியாது. வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒருவேளை வந்தால், வாசலில் யாரையும் தெரியாமல் நிற்பார். நீ மேடையில் இருப்பாய், போட்டோகிராபர் உன்னை அசையவிட மாட்டார். நீ இறங்கிப் போ. புடவை மிதிபட்டாலும் பரவாயில்லை, நீயே போய்க் கையைப் பிடித்து அழைத்து வா. "யாருட்டி இவுக?" என்று உன் சித்திகள் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பதிலைக் கேட்க நான் பக்கத்திலேயே நிற்பேன்.

உன் அப்பா